மூன்றே எழுத்தில் ஒரு சந்தேகம்

சோப்பு ஃபேக்டரியின் பின்வாசலில் பை சோதிக்கும் காவலாளிக்கு எல்லாரும் வைத்த பெயர் எக்ஸ்ரே. இருபத்திரண்டு வருஷமாக அவர் யாரையும் நம்பியதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கத்தையும் பார்ப்பார். மனைவி காய்ச்சல் என்றால், தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பரிதாபப்படுவார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், லேபிள் ஒட்டும் அக்காவின் டப்பாவுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு அகப்பட்டது. அதில் மூன்று ஒன்பதுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் சட்டைப்பையில் இன்னொன்று: 999.

"என்னய்யா இது?"

"சும்மா விளையாட்டு சார்" என்று டிரைவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. ஒன்பதாம் நம்பர் கதவு, ஒன்பது மணி, ஒன்பது பெட்டி. சோப்புத் திருட்டுக்கு எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தியது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் ஒன்பதாம் கதவுக்குப் பின்னால், காலிப் பீப்பாய்களுக்கு நடுவே பதுங்கி நின்றார். வந்தது ஒரு பூனை மட்டும். அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

வெள்ளி சாயங்காலம் சொந்த மச்சானே மாட்டினான். ஃபேக்டரி ஆய்வகத்தில் வேலை. அவன் பை நிறையச் சீட்டுகள்.

"ஆக, கூட்டத்துக்குத் தலைவன் நீதானா?"

"ஐயோ மாமா, கத்தாதீங்க! மூணு எழுத்துக்குள்ள யாரு ரொம்பப் பெரிய எண்ணை எழுதுறாங்கன்னு போட்டி. ஜெயிச்சா ஒரு மாசம் கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டு."

"நடுவர் யாரு?"

"நான்தான்."

"இப்ப யாரு முன்னால?"

மச்சான் தொண்டையைச் செருமினான். "அதுவும்... நான்தான்."

எக்ஸ்ரே சீட்டுகளை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டார். நடுவரே முதலிடத்தில் இருக்கும் விஷயம் சனிக்கிழமை கேண்டீனில் வெடித்தது. லேபிள் அக்காதான் வழி சொன்னார்: "எக்ஸ்ரே சாரே தீர்ப்பு சொல்லட்டும். அவரு யாரையும் நம்ப மாட்டாரு. நமக்கு அதான் வேணும்."

அவருடைய அந்தக் குணத்தை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. மனசுக்கு என்னவோ போல் இருந்தது. எதற்காக ஐஸ் வைக்கிறார்கள் என்றும் கூடவே தோன்றியது.

மச்சான் எழுதியிருந்தது படுத்துக்கிடந்த எட்டு, முடிவிலியின் குறி.

"இதோட ஒண்ணு கூட்டுனா என்ன வரும்?"

"அதேதான் வரும் மாமா."

"கூட்டியும் கூடலன்னா அது எண்ணே இல்ல, ஏமாத்து. தள்ளு."

அடுத்து லேபிள் அக்கா. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு லேபிள் ஒட்டுபவர்.

"மேல இருக்கற ரெண்டை முதல்ல பாருங்க சார். ஒன்பதை ஒன்பது தடவை போட்டுப் பெருக்கணும். வர்ற எண் எவ்வளவோ, அத்தனை தடவை கீழ இருக்கற ஒன்பதைப் போட்டுப் பெருக்கணும். விடையை நொடிக்கு ஒரு இலக்கமா எழுதினா, சாப்பிடாம தூங்காம பதினோரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"யார் சொன்னா?"

"நீங்களே போட்டுப் பாருங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தார். முதல் படிக்கே முப்பத்தெட்டுக் கோடியே எழுபத்து நாலு லட்சத்து இருபதாயிரத்து நானூற்று எண்பத்தொன்பது வந்தது. மூன்று தடவை போட்டும் அதேதான். மனைவியைத் தனியாகப் போடச் சொன்னார். அவளுக்கும் அதேதான்.

"என் தாளைப் பாத்து எழுதினியா?"

"உங்களோட குடித்தனம் பண்றேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" தாளை அவர் மடியில் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஜன்னல் சீட்டு லேபிள் அக்காவுக்குப் போனது. அடுத்து நான்கு எழுத்துப் போட்டி. அதற்கும் எக்ஸ்ரேதான் நடுவர் என்று முடிவாயிற்று. ஒரே ஒரு நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார்: யாரும் பென்சிலில் எழுதக் கூடாது.