கடலில் விழுந்தவருக்கு ஒரு சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில், வாடைக் காற்று அடங்கத் தொடங்கியிருந்த ஒரு மாதத்தில், கிழக்கிலங்கையின் அறுகம்பேயில் வெள்ளை நிற உல்லாச மோட்டார்ப் படகொன்று நங்கூரமிட்டு நின்றது. அதன் சொந்தக்காரர் தனியாக வந்திருந்த வெள்ளைக்காரர். ஓய்வு பெற்ற பொறியியலாளர். நாங்கள் அவரைக் கப்டன் என்றே அழைத்தோம். மாலைதீவைத் தொட்டு, அரபிக் கடலைக் கடந்து, செங்கடல் வழியாகத் தம் நாட்டுக்குத் திரும்ப எண்ணிய அவருக்கு உதவியாட்கள் இருவர் தேவைப்பட்டனர். இயந்திரத்தைப் பார்க்கச் சாய்ந்தமருதிலிருந்து என் மனைவியின் தம்பி போனான். எனக்கு அவன் மச்சான், அவனுக்கும் நான் மச்சான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே மொழிபெயர்க்க நான் போனேன்.

எனக்கு மனத்துக்குள் வேறொரு நிய்யத்தும் இருந்தது. படகு எண்ணெய் எடுக்க ஜித்தாவில் நிற்கும். அங்கே வேலைக்குப் போயிருந்த உறவினர் வீட்டில் ஹஜ்ஜுக் காலம் வரை தங்கலாம். கடவுச்சீட்டும் கடிதங்களும் ஆயத்தமாயிருந்தன. பாடசாலையில் சம்பளமில்லா விடுமுறையும் கிடைத்துவிட்டது. தமிழ் படிப்பித்துக் குடும்பம் நடத்திய எனக்கு, இந்தப் படகு தவறினால் மக்காவைக் காண வேறு வழி தெரியவில்லை.

கப்டனின் நிபந்தனை ஒன்றே: இரண்டு வாரம் பயிற்சி, தேறாதவர் கரையில் நிற்பார்.

கடலைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். இறைவனை வேண்டிப் பாடும் முனாஜாத்துகளில் வரும் கடல்களையெல்லாம் இராகத்தோடு பாடுவேன். ஏறி நிற்கும் பலகை ஆடும் என்பதை மட்டும் அப்பாடல்களில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆயத்த வேலைகள் தொடங்கின. மச்சான் டீசலைத் துணியில் வடித்து வடித்துப் பீப்பாய்களில் நிறைத்தான். நான் அரிசி, பருப்பு, மாசி மீன், கருவாடு, தேசிக்காய் ஆகியவற்றைக் கட்டி ஏற்றினேன். கருவாட்டு மூட்டையை மோந்து பார்த்த கப்டன், அதைத் தம் படுக்கையறைக்கு எதிர்ப்பக்கத்தில், இயன்றவரை தூரத்தில் வைக்கச் சொன்னார். எந்நேரமும் மிதவைச் சட்டையோடு இருக்கவேண்டும் என்பது அவருடைய இன்னொரு கட்டளை. அவர் எது சொன்னாலும் மச்சான் “ஓம், ஓம்” என்பான். இவன் ஏன் ஓயாமல் தியானம் செய்கிறான் என்று கப்டன் ஒருநாள் கவலையோடு என்னிடம் விசாரித்தார். எங்கள் ஊரில் ‘சரி’ என்பதற்கு அதுதான் சொல் என்று விளக்கினேன்.

என் தலையாய பணி, ஆபத்துக் கட்டளைகளைத் தமிழில் எழுதி ஒட்டுவது. ஆள் கடலில் விழுந்தால், கண்டவர் உரக்கக் கூவி, விழுந்தவரை விட்டுப் பார்வையை எடுக்காமல் கைகாட்டவேண்டும்; கப்டன் படகைத் திருப்புவார். கூவுவதற்கு ஒரு தமிழ்த் தொடர் கேட்டார். ஓர் இரவு முழுவதும் எண்ணி, எதுகை மோனை பார்த்து எழுதினேன்: “ஆழியிடை ஆளொருவர் வீழ்ந்தனர் காண்மின்!”

ஆளுக்குப் பதில் தேங்காய்மட்டை மூட்டையைக் கடலில் போட்டுப் பயிற்சி நடந்தது. மச்சான் “ஆழியிடை...” என்று தொடங்கி, நின்று, தாளைப் பார்க்கத் திரும்பினான். அவன் முடிப்பதற்குள் மூட்டை கண்ணுக்கு மறைந்தது.

“மச்சான், விழுந்தவன் மௌத்தாகி மூணாம் நாள் கத்தமும் ஓதி முடிஞ்சிரும், உங்கட பாட்டு முடியாது,” என்றான்.

“சந்தம் பிடிச்சிச் சொன்னாக் கெதியா வரும்டா.”

“கடல்ல கிடக்கிறவனுக்குச் சந்தம் என்னத்துக்கு?”

மூன்று மூட்டைகள் தொலைந்தன. நான்காவதும் போனால் நாங்கள் இருவரும் கரையில்தான் என்று கப்டன் சொன்னதை மச்சானுக்கு மொழிபெயர்த்தேன். ஆயினும் அத்தொடரில் ஒரு சீரைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வேறொரு குற்றம் வெளிப்பட்டது. நன்னீர்த் தாங்கியின் அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. “இங்கே யானை வளர்க்கிறீர்களா?” என்று கப்டன் கேட்டார். யானை நான்தான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுளூவை, ஊர்ப்பேச்சில் ஒளுவை, ஐந்து நேரமும், திறந்த குழாயில், உள்ளம் குளிரச் செய்திருந்தேன். இனி என் பங்கு நாளுக்கு ஒரு வாளி, குடிப்பதற்கும் சேர்த்து, என்று தீர்ப்பாயிற்று. ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் வுளூவுக்குத் தண்ணீர் இல்லையே என்று கலங்கி நின்றேன்.

“மச்சான், சுத்திவரக் கடலாக் கிடக்கு. அதில ஒளு எடுக்க ஏலாதெண்டு ஆரு சொன்ன?”

“அது... ஆகும்தான்.”

“ஆகுமெண்டு போன நோம்புக்குப் பள்ளிவாசல்ல பயான் பண்ணினதே நீங்கதானே!”

“நீ அண்டைக்கு நித்திரையெல்லோ கொண்ட?”

“முழிச்ச நேரம் பாத்து நீங்க அதச் சொன்ன.”

நாணத்தோடு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனேன். பிற்பகல் அஸர்த் தொழுகையின் நேரம்; பயிற்சிக்காகப் படகு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வாளி தவறிவிடக்கூடாதே என்ற முன்யோசனையால் அதன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக்கொண்டு, கடலுக்குள் எறிந்தேன். ஓடும் படகிலிருந்து எறியும் வாளியைக் கடல் பிடித்துக்கொள்ளும் என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நடை பழகும்போதே அறிவர். நான் வாளியின் பின்னாலேயே போனேன்.

மிதவைச் சட்டை என்னைத் தூக்கி நிறுத்தியது. கண்ணைத் திறந்தபோது படகின் பின்புறம் அகன்றுகொண்டிருந்தது. மனப்பாடமாயிருந்த முனாஜாத்துகள் அத்தனையிலும் ஒரு சீர்கூட வாயில் வரவில்லை. “யா அல்லாஹ்” என்ற ஒன்றுதான் வந்தது. அதற்கே வாயில் இடமில்லாதபடி உப்புநீர் நிறைந்திருந்தது.

அப்போது படகிலிருந்து ஓர் ஓலம் கேட்டது:

“மச்சா...ன்!”

தாள் பார்க்கவில்லை, தடுமாறவில்லை. கையை என்னை நோக்கி நீட்டியபடி, கண் இமைக்காமல், மச்சான் அந்த ஒரே சொல்லை மறுபடி மறுபடி கூவினான். சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் குரலின் பொருள் கப்டனுக்கு விளங்கியது. படகு வட்டமடித்துத் திரும்பியது. இருவருமாய்ப் பிடித்து என்னைத் தூக்கினர். வாளியும் கூடவே வந்தது.

“ஒளு எடுக்கப் போய்க் குளிச்சிட்டா வாறீங்க?” என்றான் மச்சான். கேலி செய்தபடியே என் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

நான் தலைகுனிந்து தீர்ப்புக்குக் காத்திருந்தேன். கப்டன் தம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் சரியாக நடந்த ஒரே பயிற்சி இதுதான் என்றார். பிறகு நான் ஒட்டிய தாளைக் கிழித்தெடுத்து, மச்சான் கூவிய சொல்லை எழுதச் சொன்னார். எதுகையின்றி, மோனையின்றி, நான்கே எழுத்தில் எழுதி ஒட்டினேன். கயிற்றை மணிக்கட்டில் கட்டுவதில்லை என்று வாக்கும் கொடுத்தேன். இருவரும் தேறினோம்.

கப்டன் அச்சொல்லைப் பழகிக்கொண்டார். மாலைதீவுக்கு அப்பால் அவருடைய தொப்பி காற்றில் பறந்து கடலில் விழுந்தபோதும், கைநீட்டி, “மச்சான்!” என்றுதான் கூவினார். தொப்பிக்காகப் படகு திரும்பியது.

ஜித்தாத் துறையில், அல்லாஹ்வின் கிருபையால், என் பெட்டியோடு சிறு தோணியில் இறங்கினேன். படகோடு மேலே போகவிருந்த மச்சான் ஸலாம் சொல்லி, தனக்காகவும் அங்கே இறைவனிடம் துஆ கேட்கும்படி சொன்னான். தோணி விலகியபோது கப்டன் மேல்தட்டில் நின்று, கையை என்னை நோக்கி நீட்டி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை உரக்கச் சொன்னார். அது விடைபெறுதலா, எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தோணியின் இரு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.