முழங்காலிட்டுக் கேட்ட டாக்டர்

மருத்துவமனையின் சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கோட்டோடு முழங்காலிட்ட டாக்டர் என்று நான் பார்த்தது ஈப்போவில் அவர் ஒருவரைத்தான். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. இரண்டு வருடமாக வேலைக்காட்டில் மயங்கி விழுந்துகொண்டிருந்தேன். விழுந்தவளைத் தூக்கிப்போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் படுக்கவைப்பார்கள். மருந்துக்காரர் குழாய் வைத்துக் கேட்கும்போது நெஞ்சு ஒழுங்காக அடிக்கும். "இந்தப் புள்ளைக்கு நோவு மரத்தடியிலதான் வரும்லா" என்று கங்காணி சிரிப்பார். கேட்டுக் கேட்டு, நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர்தான் விடாமல் ஈப்போவுக்குக் கூட்டிப்போனார்.

கங்காணியின் கேலியை டாக்டரிடம் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவில்லை. "மரத்தடியில எப்படி நிப்ப? செஞ்சு காட்டும்மா" என்றார். கட்டில் காலை மரமாக நினைத்து, அடிப்பட்டை வெட்டக் குனிவதுபோல் குனிந்தேன். பக்கத்தில் தாதி நிற்க, அவரும் தரையில் முழங்காலிட்டுக் குழாயை என் நெஞ்சில் வைத்தார். "பெலான் பெலான் லா, மெதுவா. இப்ப நிமிரு." நிமிர்ந்தேன், கண் இருட்டியது. படுத்தால் கேட்காத ஒரு சத்தம் அப்போது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"இருதயத்துக்குள்ள ஒரு கட்டி தொங்குதுன்னு நெனைக்கிறேன். நிமிர்ந்தா வழிய அடைக்குது, படுத்தா விலகிடுது. புத்துநோய் மாதிரி தெரியல. ஆனா விட்டா ஒருநாள் ஒரேயடியா அடைச்சிடும். நெஞ்சத் திறந்துதான் எடுக்கணும். பயமா இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"எனக்கும் இருக்கு."

அந்தப் பதிலுக்காகவே அவரை நம்பினேன். பொய்த் தைரியம் சொல்கிறவர்களை அதுவரை நிறையப் பார்த்திருந்தேன்.

கோலாலம்பூரில் எடுத்த எக்கோ படத்தில் கட்டி தெரிந்தது. அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. தன் விடுமுறை நாளில் ரயிலேறி வந்த டாக்டர், புட்டியிலிருந்த கட்டியைக் காட்டினார். உடைந்த அகார் அகார் ஜெல்லித் துண்டு போலிருந்தது. சாதாரணக் கட்டிதான் என்று பரிசோதனையும் சொல்லிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னையா கும்புடுற? நோவு மரத்தடியிலதான் வரும்னு மொதல்ல கண்டுபிடிச்சது உங்க கங்காணிதான்" என்றார். அவ்வளவு பெரிய மனசு.

இன்று அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து நான் மறுபடி வேலைக்குப் போன காலையில் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. முதல் மரத்தில் குனிந்து வெட்டினேன். நிமிர்ந்து, மரத்தைப் பிடித்தபடி மயக்கத்துக்காகக் காத்திருந்தேன். மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் பால் சொட்ட ஆரம்பித்தது.

"என்னா புள்ள, மறுபடியுமா?" என்று அடுத்த நிரையிலிருந்து கங்காணி கேட்டார்.

மரத்திலிருந்து கையை எடுத்தேன்.

"இல்லண்ணே. நிக்கிறேன்."