புசல்லாவையிலிருந்து வந்த லொறி

1934ஆம் ஆண்டு மழைக்காலம். கெலிஓயா ஊர்க்காரர் மஹ்மூத், பிரசவ வலியில் துடித்த தேயிலைத் தோட்டத்துப் பெண் வீராயியைத் தன் பழைய மரக்கறி லொறியில் புசல்லாவையிலிருந்து கண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். கம்பளை தாண்டியதும் இஞ்சின் திணறி நின்றது. சற்றுப் பொறுத்து, இஞ்சினை முடுக்கும் முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றியதும் கிளம்பியது. கொஞ்சத் தூரத்தில் மறுபடி நின்றது.

"நானா, வலி கூடுதுங்க!" என்று லொறியின் பின்தட்டிலிருந்து கதறினான் அவள் கணவன் சடையன்.

மஹ்மூத் இறங்கி இஞ்சினைத் திறந்தார். பிளக்கைத் துடைத்தும் பயனில்லை. பெற்றோல்தான் இறங்கவில்லையோ என்று பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் காற்றுத் துளையைச் சேறு அடைத்திருந்தது; உள்ளே காற்றுப் புகாததால்தான் பெற்றோல் இஞ்சினுக்கு இறங்காமல் நின்றிருக்கிறது.

"அல்லாஹ், இதுதானா!" ஒரு கம்பியால் குத்தித் துளையைத் திறந்தார்.

பிறகு லொறி நிற்கவேயில்லை. பேராதனைப் பாலத்தில் பின்னால் குழந்தை அழுதது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, நானா!" என்று கூவினான் சடையன்.

மஹ்மூத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசுபத்திரி வரை ஓட்டினார்.