சுரண்டிய பக்கம்

என் தங்கை மகள் கவிதாவுக்குக் கொழும்பில் கம்பியூட்டர் வேலை. போன மாதம் லீவில் ருவான்வெல்லைக்கு வந்தவள், என் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பை விரித்துவைத்து, "மாமா, எனக்குக் கொஞ்சம் வார்த்தை சொல்லுங்க" என்றாள். கேட்காமலே சொல்கிற ஆளிடம் கேட்டுவிட்டாள், பாவம். ரப்பர் தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு மிச்சமிருப்பது வார்த்தை மட்டும்தான்.

விஷயம் இதுதான். ஒரு புரோகிராமைப் பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது, யார் எதை எப்போது ஏன் மாற்றினார்கள் என்று விடாமல் குறித்துவைக்கும் மென்பொருள் ஒன்று உண்டாம். விரும்பினால் முந்தாநாள் இருந்த நிலைக்கே திரும்பிப் போகலாம். அதன் ஆங்கிலக் கட்டளைகள் பழகியவர்களையே அழவைக்குமாம். பள்ளிப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே ஊகித்துத் தட்டக்கூடிய தமிழ்க் கட்டளைகளை அவளுடைய ஆட்கள் உருவாக்குகிறார்கள்.

பட்டியலைப் பார்த்தேன். 'மாற்றங்களை உறுதிப்படுத்துக.' 'கிளையாக்கம் செய்க.' 'முன்னைய நிலைக்கு மீள்க.'

"இது கட்டளையா, அரசாங்கக் கச்சேரிச் சுற்றுநிருபமா?"

"நக்கல் பண்ணாம நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். எழுது, பிரி, சேர், திரும்பு. லயத்துப் பிள்ளையின் வாயில் இருக்கிற வார்த்தை போதும். எந்தக் கோப்பு என்பது முதலில், என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில். கதவைச் சாத்து என்றுதானே சொல்கிறோம். கவிதா மளமளவென்று தட்டிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பிறகு மென்பொருளை ஓடவிட்டுக் காட்டினாள். புதிதாகச் சேர்த்த வரி பச்சை. நீக்கிய வரி சிவப்பு. நீக்கிய பிறகும் அதை வாசிக்க முடிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும், எதிர்க்காணியில் ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் போட்ட புகை ஜன்னல் வழியாக வந்ததோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, தெரியவில்லை.

எங்கள் ஆபிஸுக்குப் பின்னால்தான் புகைபோடும் அறை இருந்தது. சட்டை, சோறு, ரெஜிஸ்டர் எல்லாவற்றிலும் அதே வாசம். மேசையில் இரண்டு மைக்கூடு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த காலத்தில் பெரிய கிளாக்கர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பிழையைச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வெட்டு, மேலே சரியானதை எழுது, பக்கத்தில் கையெழுத்து வை. "வெட்டினது வாசிக்கத் தெரியணும். பிளேடு பட்டுச்சுன்னா நீ வீட்டுக்குப் போகலாம்" என்பார்.

குடும்ப ரெஜிஸ்டர் என்று ஒரு தடித்த ஏடு. தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தில் யார், எங்கே பிறந்தார்கள், எப்போது வந்தார்கள் என்ற விவரம். அதில் பூமணி குடும்பத்துப் பக்கம் பார்க்கச் சகிக்காது. அவளுடைய அப்பா தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். போகும்போதெல்லாம் ஒரு சிவப்புக் கோடு. பூமணி அப்போது ரப்பர் மரத்தில் பால்வெட்டத் தொடங்கியிருந்த பதினாறு வயதுப் பெண்.

கொழும்பிலிருந்து பெரிய தொரை ஒருவர் பரிசோதனைக்கு வருவதாக இருந்தது. பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் என் கையெழுத்தின் மேல் ஒரு மயக்கம். பெரிய கிளாக்கர் லீவில் போன நேரம் பார்த்து, பாதி பிளேடால் அந்தப் பக்கம் முழுவதையும் சுரண்டினேன். சுரண்டிய காகிதத்தில் மை ஊறும். அதற்குச் சோக்கட்டித் தூளைத் தேய்த்து, நகத்தால் மழமழப்பாக்கவேண்டும். அதையும் செய்தேன். பிறகு கடைசி விவரத்தை மட்டும் முத்து முத்தாக எழுதினேன்: கீழ் டிவிஷன், இன்ன லயம், இந்த வருஷம் பதிவு. வந்த தொரை விரலால் தடவிப் பார்த்து, நல்ல கையெழுத்து என்றார். அந்த ஒரு பாராட்டை வைத்துக்கொண்டு பல வருஷம் வாழ்ந்தேன்.

நான் பெரிய கிளாக்கரான பிறகு, ஒருநாள் காலை பூமணி வந்து நின்றாள். கையில் பால் காய்ந்த கறை. மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போக வேண்டும். சண்டை நடந்த அந்த வருஷங்களில் வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். பூமணியிடம் அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை.

"கிளாக்கரையா, நான் இங்கதான் பொறந்தேன்னு தோட்டத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வரச் சொல்றாங்க, அட்டை குடுக்கிற கந்தோர்ல."

"ரெஜிஸ்டர்ல உள்ளபடிதான் குடுக்க முடியும்."

"அதுல என்னங்க இருக்கு?"

பக்கத்தைத் திருப்பினேன். என் முத்து முத்தான எழுத்து. நான் சேர்ந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான் அவர்கள் தோட்டத்துக்கே வந்ததுபோல் இருந்தது. பிறந்த இடம் என்ற கட்டம் காலி.

சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "நல்லாருக்குங்க! நீங்க வேலைக்கு வந்த அன்னைக்கு மழையில ஒங்க டிரங்குப் பொட்டிய ரோட்டுலருந்து தூக்கிட்டு வந்தது யாருங்க அப்போ?"

அவள்தான் தூக்கி வந்தாள். அதை நானும் மறக்கவில்லை.

இதற்கும் நடைமுறை உண்டு. 'இப்பக்கம் என்னால் சுரண்டித் திருத்தப்பட்டது' என்று சிவப்பு மையில் ஒரு வரி, கீழே என் கையெழுத்து. எனக்குத் தெரியாத நடைமுறை எது? ஆனால் அந்த வரியோடு என் வேலை போகும். ஆகவே, 'ரெஜிஸ்டரின்படி' என்று தொடங்கி, பிழையில்லாத ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாத பூமணி அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "புண்ணியமாப் போகும்ங்க" என்று கும்பிட்டுப் போனாள்.

அந்தக் கடிதம் கந்தோரில் அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. அட்டை கிடைக்கவில்லை. அவள் கொழும்புக்குப் போகவேயில்லை. காய்ச்சலில் இறந்தபோது மகள் குழந்தையோடு வந்தாள். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன், தோட்டத்துச் சார்பில்.

"மாமா, தூங்கிட்டீங்களா? பழைய பதிவை அடியோட அழிக்கிறதுக்கு என்ன வார்த்தை வைக்கலாம்?"

"அது வேண்டாம். எடுத்துடு."

"எடுக்க முடியாது. யாராவது தெரியாம பாஸ்வேர்டை எழுதிட்டா அழிக்கத்தானே வேணும்?"

நியாயம்தான். "அப்போ, அழின்னே வை. ஆனா தட்டினதும் அழியக்கூடாது. யாரு, ஏன்னு ரெண்டு கேள்வி கேக்கணும். அந்தப் பதில் மட்டும் அழியாம இருக்கணும்."

"பிள்ளைங்களுக்குத் தொல்லை மாமா."

"இருக்கட்டும்."

ஏன் என்று அவள் கேட்டாள். நான் நடைமுறை என்றேன்.

நேற்றுப் போனில் சிரித்தாள். ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். கட்டளைகள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தன, அந்த இரண்டு கேள்வியைத் தவிர. "ஒரு பொண்ணு காரணம் என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'பார்க்க அழகா இருக்கணும்'னு."

நானும் சிரித்தேன்.

அந்த ஆபிஸ் இப்போது இல்லை. கீழ் டிவிஷன் லயத்தை இடித்துவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வேறு என்னவோ நட்டிருக்கிறார்கள். ரெஜிஸ்டரைக் கறையான் தின்றது. அதற்கு முன்னால், ஓய்வுபெறுவதற்கு முந்திய வாரம், அந்தப் பக்கத்தை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சுரண்டிய இடம் வெங்காயத் தோல்போல மெலிந்து, வெளிச்சத்தை உள்ளே விட்டது. எழுத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் அங்கே முன்பு ஏதோ இருந்தது என்பதாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.