முள்ளியவளையில் கல்லின் மேல் நின்ற கார்

வீரகத்தி அண்ணையைப் பற்றி ஊரில் இரண்டு கதை உண்டு. கார்ப் பைத்தியம் என்பது ஒன்று. காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மகளின் வாழ்வைப் பாழாக்கியவர் என்பது மற்றது. முதலாவதை ஒப்புக்கொள்வேன். இரண்டாவதைப் பரந்தன் சந்தியில் இருக்கும் என் சைக்கிள் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு யார் சொன்னாலும் எழுப்பி அனுப்பிவிடுவேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. கோபம் வருவதும் அதனால்தான்.

அவர் வேலணையில் இருந்து இரணைமடுக் குடியேற்றத்துக்கு வந்தவர். மூன்று ஏக்கர் வயல், மனைவி விமலேஸ்வரி, ஒரே மகள் அருந்ததி. இவற்றோடு தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன, மூக்கு நீண்ட பழைய இங்கிலீசுக் கார். வாய்க்கால் ஓரத்து வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு வலி கண்டாலும் முதலில் அவருடைய படலையில்தான் வந்து தட்டுவார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் போய்ப் பிறந்த பிள்ளைகள் தெருவில் விளையாடினால், "என்ர கார்ப் பிள்ளையள்" என்று சொல்லிச் சிரிப்பார். இரண்டு பிள்ளைகள் போகிற வழியிலேயே பின் சீற்றில் பிறந்தும் விட்டன.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில் அந்தக் காரின் பின் அச்சு முறிந்தது. சில்லைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு உள்ளே இரண்டு துண்டு. எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு எங்கும் ஜப்பான் கார்கள்தான். உதிரிப்பாகக் கடைக்காரர்கள் இவருடைய காரின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். வவுனியாவில் ஒரு தண்டு கிடைத்தது, நுனியில் இருக்கும் பல் இரண்டு குறைவு. யாழ்ப்பாணத்தில் கிடைத்தது நீளம் காணாது. முறிந்ததையே ஒட்டிப் பூட்டினார், மூன்று கட்டை தூரம் ஓடுவதற்குள் மறுபடியும் முறிந்தது. வயலில் களை மண்டிக் கிடக்க, முறிந்த துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறித் திரிந்தார்.

எல்லோரும் பைத்தியம் என்றார்கள். உண்மையான காரணம் வேறு. அருந்ததி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கார்த்திகைக் கடைசி என்று நாள் குறித்திருந்தார்கள். மாரியில் அந்த வாய்க்கால் பாதையில் வாடகைக் கார்க்காரர் எவரும் இறங்கமாட்டார்கள்.

"ஊர்ப் பிள்ளையள் எல்லாம் என்ர காரில போச்சுதுகள். என்ர பிள்ளை உழவு மெசின் பெட்டியில போறதோ, யோகநாதன்?" என்று என்னைக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் முல்லைத்தீவு பஸ் சாரதி ஒருவர் எனக்கு ஒரு தகவல் சொன்னார். முள்ளியவளையில் அதே மாதிரிக் கார் ஒன்று கொட்டிலுக்குள் நாலு கல்லின் மேல் நிற்கிறது. சொந்தக்காரர் இறந்துவிட்டார், மனைவி சிவனேஸ்வரி மட்டும் இருக்கிறா. அண்ணையிடம் இதைச் சொன்ன நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"அவாவுக்குப் பிள்ளை இல்லை அண்ணை. பிள்ளைத்தாச்சிக் கதை ஒண்டும் எடுக்காதேங்கோ. கண்ணூறு பட்டாலும் படும்" என்றேன்.

அடுத்த நாளே போனார். அது வெள்ளிக்கிழமை. சிவனேஸ்வரி தேத்தண்ணீர் கொடுத்து, கொட்டிலையும் திறந்து காட்டினா. அண்ணை காருக்குக் கீழே படுத்துப் பார்த்திருக்கிறார். அதே அச்சுத்தான்.

"எடுங்கோவன். ஆனா இண்டைக்கு வெள்ளி. வீட்டு இரும்பு வெளியால போகக்கூடாது. நாளைக்கு வந்து கழட்டுங்கோ" என்றாவாம்.

"நாளைக்குச் சனி, அக்கா. சனியில இரும்பு வாங்கேலாது. ஞாயிறு வாறன்."

"அவசரமோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை."

திரும்பும் வழியில் என் கடையில் இறங்கி இதையெல்லாம் சந்தோசமாகச் சொன்னார். நாள் குறித்தபடி இன்னும் மூன்று கிழமை இருந்தது. நானும் நல்லது என்றேன்.

சனிக்கிழமை மதியம் அருந்ததிக்கு வலி கண்டது. இரத்தமும் போகத் தொடங்கியது. விடியலில் இருந்து மழை. பக்கத்து வளவு உழவு மெசினில் பெட்டியைக் கொளுவி, வைக்கோல் பரப்பி, மேலே படங்கு பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். மதகடியில் பெட்டி சேற்றில் புதைந்தது. ஆட்கள் வந்து தூக்கிவிட ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. அண்ணையின் கார் அதே மதகை எத்தனை மாரி கடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அருந்ததியைக் காப்பாற்றக் கருப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது, இனி அவளுக்குப் பிள்ளை இல்லை என்று டாக்குத்தர் சொன்னார். வீரகத்தி அண்ணை ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். அவருடைய வாய்க்கு முன்னால் அடி வாங்க வேண்டியது என்னுடைய வாய். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழிந்து, அந்தப் பஸ் சாரதி இடம் காட்ட, சிவனேஸ்வரி என் கடை வாசலில் பஸ்ஸால் இறங்கினா. கையில் நீளமான சாக்குப் பொதி.

"இந்தக் கார்க்காரர் ஞாயிறு வாறன் எண்டவர், வரவேயில்லை. ஆளை வைச்சுக் கழட்டிக் கொண்டந்திருக்கிறன்" என்றா.

நடந்ததைச் சொன்னேன். வாங்கில் இருந்துவிட்டா. பிறகு, "என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா. வாடகைக் கார் மதகு வரைக்கும்தான் வந்தது. மிச்சத் தூரம் பொதியை நான் சுமக்க, சேற்றில் நடந்தோம்.

அண்ணை முற்றத்தில் நின்றார். அவாவைக் கண்டதும் தலையைக் குனிந்தார்.

"மகள் பிள்ளைத்தாச்சி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, வெள்ளியென்ன சனியென்ன, அந்த நிமிசமே கழட்ட விட்டிருப்பன். அவசரமோ எண்டு கேட்டனான்தானே?"

அண்ணை என் தோளில் இருந்த சாக்குப் பொதியைப் பார்த்தார்.

"நான் பிள்ளை இல்லாதவள் எண்டுதானே சொல்லேல்லை?"

சொல்லிக் கொடுத்தவன் நான், பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்கு நெஞ்சில் பலம் வரவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"ஓம், அக்கா. அதுதான்" என்றார்.

சிவனேஸ்வரி அவரை விட்டுக் கண்ணை எடுத்து வீட்டுக்குள் பார்த்தா. கதவு திறந்திருந்தது. அருந்ததி பாயில் எழும்பி உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.