படகு வராத நாளின் சாப்பாடு

தீபாவளிக்கு எங்கள் ஷூ கம்பெனியில் சனி ஞாயிறையும் சேர்த்து நீளமாக லீவு விட்டார்கள். எனக்கு அது பண்டிகை இல்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள். என் தோழிக்கும் இல்லை. அவள் ஐந்து வேளைத் தொழுகையை விடாதவள். அந்த நாட்களில் ஆம்பூரின் வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்போம். இந்த முறை, மதியம் டிபன் டப்பாவைத் திறந்தபடியே அவள் சொன்னாள்:

"அக்கா, பசங்கள்லாம் பெருசாய்ட்டாங்க. எங்கனா தூரமா போய்ட்டு வரலாமா? சுத்தியும் கடல் இருக்கணும். தெனமும் மீன் சாப்பிடணும்."

அவள் தையல் லைனில் இருக்கிறாள். அவள் லைனில் தைத்து முடியும் ஷூக்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் செக்கிங்குக்கு வரும். ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருஷக்கணக்காகப் போய் வருகிறோம். அந்தமான் என்று முடிவு செய்தபோது எங்கள் இருவருடைய வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். விமான டிக்கெட்டைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். வழியெல்லாம் கடல் நீலம், பச்சை, மறுபடி நீலம் என்று மாறிக்கொண்டே வந்தது. அவள் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். பயமா என்று கேட்டேன். "பயமா? பசிக்குதுக்கா" என்றாள்.

அந்தப் பசியோடு, நாங்கள் தங்கிய ஓட்டலின் சாப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்தோம். மெனு அட்டையில் இருந்த பெயர்களில் பாதியை எனக்கே வாசிக்க வரவில்லை. மீன் என்று தெரிந்த ஒன்றைக் கேட்டேன். வெள்ளையாக ஏதோ குழம்பு ஊற்றி, மேலே ஒரு இலை வைத்துக் கொண்டுவந்தார்கள். உப்பும் இல்லை, காரமும் இல்லை. குடிக்கக் கேட்டதற்கு நீலக் கலரில் ஒரு டம்ளர், அதில் சின்னக் காகிதக் குடை. அவள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? நம்ம பினிஷிங் செக்‌ஷன் சாயத்துல சக்கரை போட்ட மாதிரி இருக்குது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் சோர்வாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா?

மறுநாள் காலை நிலைமை தலைகீழானது. ஆம்பூரில் எங்கே போனாலும் பேசுவது நான்தான். எனக்கு இங்கிலீஷ் வரும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிறவர்களுக்குக்கூடப் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் என் பின்னால் நிற்பாள். ஹேவ்லாக் ஆட்டோக்காரரிடம் என் இங்கிலீஷ் எடுபடவில்லை. அவள் மெதுவாக முன்னால் வந்து, வீட்டில் பேசும் உருதுவில் ஏதோ கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. இந்தியில் பதில் சொன்னார். இருவரும் பேசினார்கள், சிரித்தார்கள், மறுபடி பேசினார்கள்.

"இன்னாடி கேட்ட?"

"நீங்க எங்க சாப்டுவீங்களோ அங்கயே எங்களையும் விடுங்கன்னேன்."

அவர் எங்களைப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரைக் கடையில் இறக்கிவிட்டார். ஒரு வங்காளி அம்மாவும் அவருடைய கணவரும் நடத்தும் கடை. எல்லாரும் அந்த அம்மாவைத் தீதி என்றார்கள். அக்கா என்று அர்த்தமாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஐஸ் பெட்டியைத் திறந்து, வேண்டிய மீனை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தீதி. என் தோழி செவுளைத் தூக்கிப் பார்த்து ஒரு சங்கராவை எடுத்தாள். கடுகு அரைத்த மஞ்சள் குழம்பில் அது வெந்து வந்தது. கூடவே சுடுசோறு, தண்ணியாகப் பருப்பு, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு. முதல் வாயிலேயே கடுகின் காட்டம் மூக்கில் ஏறி இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் நிறுத்தவே இல்லை. தட்டைத் துடைத்தே விட்டோம்.

சாப்பிட்டதும் பால் இல்லாத டீயில் எலுமிச்சையைப் பிழிந்து, கறுப்பு உப்பைத் தூவிக் கொடுத்தார்கள். பால் டீ தவிர எதையும் டீ என்று ஒப்புக்கொள்ளாதவள் நான். இரண்டாவது டம்ளரைக் கேட்டதும் நானேதான்.

அதற்குப் பிறகு ஓட்டல் சாப்பாட்டு அறைப் பக்கமே நாங்கள் போகவில்லை. காலையில் தீதி கடையில் பூரி, மதியம் மீன், கடற்கரையில் இளநீர், மாலையில் கடைத்தெருவில் தணலில் சுட்ட சூரை மீன். "வயித்துக்கு லீவே கெடையாதா?" என்று போனில் கேட்டார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் போர்ட் பிளேயருக்குத் திரும்ப வேண்டிய காலையில் காற்றும் மழையும் சுழற்றி அடித்தன. படகு ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். துறையில் பெட்டிகளோடு நின்றவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"இன்னொரு சாப்பாடு!" என்று அவள் கத்தியதில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

தீதி கடைக்கு ஓடினோம். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் முழுக்க எங்களுக்கு முன்னால் அங்கே வந்திருந்தது. பெஞ்சில் இடமில்லை. அடுப்பின் முன்னால் தீதி தனியாகத் தலையில் கைவைத்து நின்றார். முந்தின நாள் சாமான் வாங்கப் போர்ட் பிளேயர் போன கணவர், படகு இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாராம்.

தோழி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புர்காவின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா, லைன் போட்டுடலாம். தீதி பொரிக்கட்டும், நான் கட்டிங். தட்டு போடறது நீ. செக்கிங்கும் நீதான்!"

தீதி ஒரு கணம் திகைத்தார். பிறகு கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டார். எங்களுக்கு வேறென்ன தெரியும்? ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நிற்காமல் நகர வேண்டும், அவ்வளவுதான். அவள் மீனை வெட்டித் தள்ள, தீதி எண்ணெயில் போட, நான் சோற்றை வைத்துப் பருப்பை ஊற்றிப் பெஞ்சுக்குப் பெஞ்சு ஓடினேன். கருகிய துண்டு வந்தால் "ரிஜெக்ட்!" என்று கத்தித் திருப்பி அனுப்பினேன். தீதிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய் அவரும் கத்த ஆரம்பித்தார்.

கூட்டத்தில் பாதிப் பேர் சாப்பிட்டிருப்பார்கள், மீன் தீர்ந்துவிட்டது. தோழி மூலையில் இருந்த சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். கத்திரிக்காய். தீதியிடம் புளி இருக்கிறதா, வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இருந்தன. கடலையை வறுத்து அரைத்து, புளியைக் கரைத்து, எங்கள் ஊரில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்களே, அந்தக் கத்திரிக்காய் பச்சடியை ஒரு பெரிய சட்டி நிறையச் செய்தாள். வாசனை வாசல்வரை போனது. ஒரு மூலையிலிருந்து இளைஞர் ஒருவர் எழுந்தார். பக்கத்தில் புது மனைவி, கையில் மருதாணி.

"ஏங்க, இது ஆம்பூர் கத்திரிக்கா தானே?" என்று தமிழில் கேட்டார்.

"ஆமாம் தம்பி. ஆம்பூர்காரிங்கதான் நாங்க."

"அப்போ பிரியாணி எங்கங்க?"

"அடுத்த படகுல வருது, உக்காருங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் தோழி. தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அடிச்சட்டியில் ஒட்டியிருந்த பச்சடியைத் தீதி விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?"

"உப்பு கம்மியாம்" என்றாள் தோழி. முகத்தில் அவ்வளவு பெருமை. "ஆனா நாளைக்கும் செய்யணுமாம்."

மூவரும் எலுமிச்சை டீ குடித்துக்கொண்டிருந்தபோது மழை விட்டு வெயில் வந்தது. கடல் தட்டுப்போல அடங்கிவிட்டது. படகு வந்துகொண்டிருக்கிறது, ஆட்களை இறக்கிவிட்டு உடனே திரும்பும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதே நேரத்தில் தோழிக்கு வீட்டிலிருந்து போன். அவள் கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"காத்து ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுங்க... ஆமா, நாளைக்குக் காலைல தான் இங்கேந்து கெளம்புவோம்... இல்ல இல்ல, நல்லா சாப்டறோம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். போனை வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"தீதி சொன்னாங்க, அவங்க வீட்டுக்காரர் அந்தப் படகுலதான் வர்றாராம்க்கா. ஐஸ் பெட்டி நெறய இலிஷ் மீன் எடுத்துட்டு வர்றாராம். கல்கத்தாவுலேந்து வந்ததாம். முள்ளு ஜாஸ்தியாம், ஆனா அது மாதிரி ருசி வேற எதுவும் கெடையாதாம். அத உட்டுட்டுப் போறதா?"

போகவில்லை. டிக்கெட்டை மறுநாள் காலைப் படகுக்கு மாற்றிக்கொண்டு, ஈரத் துறையின் விளிம்பில் போய் நின்றோம். ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெட்டிகளோடு ஏறத் தயாராக வரிசையில் நின்றார்கள். நாங்கள் மட்டும் வெறுங்கையோடு, தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த அந்தப் படகுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.