பத்து மணிப் படம்

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த கை, ஓய்வு பெற்ற மறு மாதமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஒரு நிமிடம் முழிப்பார்கள். அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். நூல் பிடித்தாற்போல நேராக ஓட்டுவார் என்பதால் டிப்போவில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

இருவரும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் ஹோமை வாங்கினார்கள். உள்ளே ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, முழங்கை இடிக்காமல் முகம் கழுவ முடியாத ஒரு தொட்டி, மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேசை. பிரேக் போட்டால் எந்த அலமாரிக் கதவு திறந்துகொள்ளும் என்பது முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று மாதப் பயணம். கடலோரமாகவே மேலே போய், மலை வழியாகத் திரும்புவது என்று திட்டம்.

"அந்தப் பெட்டிக்குள்ள மூணு மாசம் சண்டை போடாம இருப்பீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள் மகள்.

"சண்டை போட அதுல இடம் எங்கடி இருக்கு?" என்றாள் அக்கா.

கேமரா மகள் வாங்கிக் கொடுத்தது. அக்காவுக்குப் படம் எடுப்பது புதிதில்லை, வெளிச்சத்தில் எடுப்பதுதான் புதிது. பழக்கம் விடுமா? பெட்ரோல் பங்க் பெண்ணோ, வலை காயவைக்கும் மீனவரோ, யார் எதிரே நின்றாலும் அவள் வாய் தானாகவே ஆரம்பித்துவிடும். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே அடக்குங்க. அசையாதீங்க." அவர்களும் பாவம், கன்னம் உப்பி, கண் பிதுங்க நிற்பார்கள். படங்களைப் பார்த்த மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, எல்லாரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்காங்க."

"படம் ஆடாம இருக்கா இல்லையா? அதைச் சொல்லு."

ஆடாமல்தான் இருந்தது. அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

எல்லாப் படங்களிலும் அவளுக்குப் பிடித்தது பத்து மணிப் படம். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, நட்டநடுவில், ஒரு சின்ன ஸ்டாண்டைத் திருகி இறுக்கியிருந்தாள். தினமும் காலை சரியாகப் பத்து மணிக்கு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிரே தெரியும் சாலையை ஒரே ஒரு படம். கடல் தெரிந்தாலும் சரி, குப்பைக் கிடங்கு தெரிந்தாலும் சரி. ஒரே இடம், ஒரே உயரம், ஒரே கோணம். "தினம் ரோட்டை எடுத்து என்ன பண்ணப் போற?" என்று நூல்காரர் கேலி செய்தார். "நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன மாறியிருக்குன்னு தெரியணும்னா நாம ஆடாம நிக்கணும்ங்க" என்றாள். எக்ஸ்ரே அறையில் கற்ற பாடம் அது.

ஐம்பத்திரண்டாம் நாள் மதியம், ஒரு ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அவர் வெளியே சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா மேசையை இறக்கி, லேப்டாப்பைத் திறந்து, ஐம்பத்திரண்டு பத்து மணிப் படங்களையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். மேகம் மாறியது, மரம் மாறியது. இன்னொன்றும் மாறியது.

சாலையோரத்து வெள்ளைக் கோடு முதல் முப்பது படங்களில் இடது மூலையிலிருந்து கிளம்பியது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நடுவை நோக்கி வந்திருந்தது. கடைசி மூன்று படங்களில் இடது சக்கரம் கோட்டைத் தாண்டி மண்ணில் ஓடியிருக்க வேண்டும். கோடு நகருமா? வண்டிதான் நகர்ந்திருக்கிறது. ஸ்டாண்ட் விலகியிருக்குமோ என்று முதலில் அதைச் சந்தேகப்பட்டாள். பழைய சொந்தக்காரர் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன வட்ட ஸ்டிக்கர் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தும் பார்த்தாள். மயிரிழைகூடப் பிசகவில்லை.

சாயங்காலம் டீயை அவருக்கு இடது பக்கமாக நீட்டினாள். அவர் கவனிக்கவில்லை. டம்ளர் தோளில் பட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "சத்தமில்லாம எங்கிருந்து வர்ற?" என்றார். அவள் இரண்டு நிமிடமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அவள் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருமிக்கொண்டே வந்த ஒருவரிடம், "பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். ஒன்று இருந்தது. தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "உன் வேலை படம் எடுக்கிறது. படிக்கிறது இல்ல" என்று கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அவள் முகம் கதவைச் சாத்திக்கொண்டது. நிழல் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் ஒரே வாசகம்தான்: "டாக்டர் சொல்வாங்க. சட்டையைப் போட்டுக்கோங்க."

கட்டின கணவரிடமும் அதையே செய்தாள். வழியில் வரும் பெரிய ஊரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஐந்து நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. தன் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தாள். அங்கே போனதும் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிடலாம், மற்றதை டாக்டர் சொல்லிக்கொள்வார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நான்கு நாள் அந்த வண்டியை யார் ஓட்டுவது என்பதை மட்டும் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டாள். மறந்தாள் என்றா சொல்ல? வாய் வரவில்லை. நூல்காரரிடம் போய், நீங்கள் கோணலாக ஓட்டுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் அவள் இடது இருக்கையில் உட்கார்ந்து, "கொஞ்சம் வலது பக்கம் வாங்க, பள்ளம் இருக்கு" என்று இல்லாத பள்ளங்களையெல்லாம் காட்டிக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு வழக்கம்போலப் படமும் எடுத்தாள்.

நான்காம் நாள் பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில், வெறிச்சோடிய சாலை. தூரத்தில் சாலையோரமாக ஒரு பெயிண்டர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் பெயிண்ட் டப்பா, தோளில் ஏணி. அக்கா அரை நிமிடமாக அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த அளவுக்குக் கண்ணெதிரே போகிற ஆளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று நினைத்தாள். வண்டி விலகவே இல்லை.

"ஏங்க, வலது! வலது!"

அவர் திருப்பினார். பக்கவாட்டுக் கண்ணாடி ஏணியின் நுனியைத் தட்டியது. ஏணி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம், பெயிண்டர் புல்வெளியில். அக்கா இறங்கி ஓடினாள். விலா, தோள்பட்டை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எது எங்கே உடையும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒன்றும் உடையவில்லை. உடம்பெல்லாம் நீலப் பெயிண்ட், அவ்வளவுதான். "எலும்பெல்லாம் நல்லா இருக்கு" என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு நல்லா இருக்கான்னு பாருங்கம்மா" என்றார் பெயிண்டர்.

நூல்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "எங்கிருந்து முளைச்சார்னே தெரியல. திடீர்னு வந்துட்டார்."

பெயிண்டரைச் சமாதானப்படுத்தி, ஏணியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அக்கா கணவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மேசையை இறக்கினாள். முதல் நாள் படத்தையும் அன்று காலை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ரெண்டையும் பாருங்க."

முதல் படத்தைப் பார்த்ததும் அவர் தலையாட்டினார். "நல்லாப் போகுது." இரண்டாவதைப் பார்த்ததும் முகம் சுளித்தது. முப்பது வருடம் கோட்டைப் பார்த்து ஓட்டியவருக்கு ஸ்கேல் வேண்டியதில்லை. "என்ன இது, மண்ணுல ஓடுது? எவன் ஓட்டின வண்டி? லைசென்ஸைப் பிடுங்கணும் இவன்கிட்டேயிருந்து."

"நீங்க ஓட்டினதுதாங்க. இன்னைக்குக் காலைல பத்து மணி."

அவர் படத்தையே பார்த்தார். அக்கா நிறுத்தவில்லை. முப்பத்தொரு வருடம் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்வது போல ஒரே மூச்சில் சொன்னாள். "உங்களுக்கு இடது பக்கம் தெரியல. மூணு வாரமா கோடு நகர்ந்துக்கிட்டே வருது. டீ டம்ளரும் தெரியல, அந்தப் பெயிண்டரும் தெரியல. என்ன வியாதின்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு. நான் பார்த்துட்டேன்."

"எப்ப பார்த்த?"

"நாலு நாள் ஆச்சு."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. "நாலு நாளா தெரிஞ்சும் அந்த இடது சீட்லயா உக்காந்து வந்த? இடிச்சிருந்தா முதல்ல போறது நீதான். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்ல வரலைங்க. தப்புதான். என் தப்பு. அந்தப் பெயிண்டர் செத்துக்கூடப் போயிருக்கலாம்." அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"நீ ஓட்டுவியா இதை?"

"ஆறு வருஷம் ஆஸ்பத்திரியோட எக்ஸ்ரே வண்டியை நான்தான் ஓட்டினேன். டிரைவர் மத்தியானம் ஆனா காணாமப் போயிடுவார். இதைவிடப் பெரிய வண்டி அது. உள்ள மெஷின் வேற."

இந்தக் கதை அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் ஓட்டி ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பியதில்லை. சாவியைக் கொடுத்தார்.

அவள் ஓட்டினாள். முதல் பத்து நிமிடம் அவருடைய வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டது. மறுநாள் கண் டாக்டர், இளம்பெண், வட்ட வட்டமாகப் படம் வரைந்து விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு பல வருடமாகவே ஓரத்திலிருந்து பட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தெரிந்த சாலைகளில் பழக்கத்தை வைத்துச் சமாளித்திருக்கிறார். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சாதாரணமா ரொம்ப முத்தினப்புறம்தான் வருவாங்க" என்று டாக்டர் கேட்டார். "இவ தினமும் ரோட்டைப் படம் எடுத்தா" என்றார் நூல்காரர், மனைவியைக் காட்டி. அவர் அவளைப் பற்றி வெளியாளிடம் பெருமையாகச் சொன்னதை அவள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள்.

மகள் போனில் பதறினாள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ரயில் ஏறி வரச் சொன்னாள். "எதுக்கு? வண்டி நல்லா ஓடுது, ஓட்ட ஆளும் இருக்கு. உங்கப்பா இன்னும் மலையைப் பார்க்கல" என்று அக்கா போனை வைத்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மதியம் மலைப்பாதை ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு அவள் சரியாகக் கியரை மாற்றினாள். அவர் சன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த சீட்ல உக்காந்தாதான் தெரியுது, ஓரம் எவ்வளவு கிட்டன்னு. நாலு நாள் எப்படி உக்காந்திருந்த?"

அவள் அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தாள்.

"இனிமே என்கிட்ட எது தெரிஞ்சாலும் அப்பவே சொல்லிடு. நல்லதோ கெட்டதோ, டாக்டர் சொல்வாங்கன்னு விடாத."

"அப்பவே சொல்லிடவா?"

"சொல்லு."

"நீங்க அழறீங்க."

"சொட்டு மருந்து அது."

"மருந்து போட்டது காலைல எட்டு மணிக்கு. இப்ப மணி ரெண்டு."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, சரி" என்றார். "ரோட்டைப் பார்த்து ஓட்டு."